மண்ணெண்ணெய்க் காசு

நெல் ஆலைச் சுவரில் போன மாரிக்கு ஊறிய கறை
அவன் தலைக்கு மேலே மேகமாய் நின்றது.
மல்லாவிக்கு ஹொலிவூட் வந்தது இப்படித்தான்:
வாடகைப் புரொஜெக்டர், ஒரு பென் டிரைவ்,
மூட்டைகளின் மேல் நாற்பது பேர்,
தவிட்டுத் தூசி மிதக்கிற நீட்டு வெளிச்சம்.

யோகறஞ்சன் வருவது ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில்.
சாவது ஐம்பத்தாறில்.

படத்தில் அவனுக்குப் பெயர் இல்லை.
கடைசியில் ஓடும் எழுத்துகளில்
'இரண்டாம் துவக்குக்காரன்: ரான் யோகா'
என்று கிடக்குதாம். ஆலைக்காரரின் மகன் முன்பே பார்த்துவிட்டான்.
'யோகாவோ, எந்த ஆசனம்?' என்று ஒருவர் கேட்டார்.

எந்த நாட்டுக்காரன் அவன் என்றும் விளங்கவில்லை.
மணல் இருந்தது, ஒட்டகம் இருந்தது,
நெற்றியில் கட்ட ஒரு துணி இருந்தது.
முகத்தில் கறுப்பை
இன்னும் ஒரு பூச்சு ஏற்றியிருந்தார்கள்.

அதே முகத்துக்கு
அரை டப்பா பவுடர் அப்பியவள் நான்,
இரண்டாயிரத்து மூன்றில்.
கதாநாயகன் கறுப்பென்றால் எடுபடாது என்றார்
எங்கள் டைரக்டர் ஞானசேகரம் மாஸ்டர்.
அவரோ அட்டைக்கரி.
அங்கேயும் சரி, இங்கேயும் சரி
அவன் முகம் கிடந்தபடி கிடக்க
ஒரு கமராவும் விடவில்லை.

துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தான்.
'பிடிச்ச பிடி பிழை.'
மூன்று மூட்டைகளிலிருந்து மூன்று குரல்
ஒரே நேரத்தில்.
பிறகு அந்த மூன்று பேரும்
படம் முடியும்வரை வாய் திறக்கவில்லை.

எங்கள் படத்தில் அவன் லொறிச் சாரதி.
காதலித்தான், கடன்பட்டான், வவுனிக்குளத்துக் கட்டில்
சில்லுக் கழற்றியபடி ஒரு பாட்டம் அழுதான்.
எண்பது நிமிடமும் சாகவில்லை.
சாகாத கதாநாயகன் வேண்டும் என்று
கேட்டது நாங்கள்தான்.
அந்த ஒரு வருடம் அப்படிக் கேட்கக்கூடியதாக இருந்தது.

சம்பளம் ரொட்டியும் சம்பலும்.
இரவுக் காட்சியில் ஒரே வசனத்துக்கு
ஒன்பது தரம் சிரித்துக் கெடுத்தான்.
அந்தச் சிரிப்புக்கு ஜெனரேற்றர் குடித்தது
பன்னிரண்டு லீற்றர் மண்ணெண்ணெய்,
சங்கக்கடையில் நான் கணக்கெழுதி எடுத்த காசு.
'படம் ஓடட்டும், தாறன்' என்றான்.
பள்ளிக்கூட வளவில், வேட்டித் துணியில்,
படம் ஒரு இரவு ஓடியது.

ஒரே ஒரு கசெற்.
தறப்பாளுக்குத் தறப்பாள் எங்களோடு வந்தது.
விசுவமடுவில் பையைத் திறந்தபோது இருந்தது.
அதற்குப் பிறகு பையும் இல்லை.

ஐம்பத்தாறாவது நிமிடம்.
வெள்ளைக்காரக் கதாநாயகன் இவன் கழுத்தை நெரிக்கிறான்.
இவன் கண் பிதுங்கக் கத்துகிறான்.
கீழே ஆங்கிலத்தில் எழுத்து.
'வேற்று மொழியில் கத்துகிறான் எண்டு போட்டிருக்கு'
என்று வாசித்துச் சொன்னான் ஆலைக்காரரின் மகன்.
யார் கேட்டது அவனை?

'மண்ணெண்ணெய்க் காசு மறக்கேல்லை, பவளா!
பன்னிரண்டு லீற்றர்! பன்னிரண்டு!'

பிறகு வெடி. பிறகு ஒட்டகம் ஓடியது.

மூட்டைகள் சரியும்படி சிரித்தார்கள்.
வாய் திறக்காத மூவரில் ஒருவர்
என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று
ஏழு தரம் போட்டோம்.
ஏழு தரமும்
கடனை ஒப்புக்கொண்ட கையோடு செத்தான்.

எந்தெந்த ஊர்த் தியேட்டர்களில்
பொப்கோர்ன் தின்றபடி பயந்தார்களோ
அந்தப் பன்னிரண்டு லீற்றருக்கு.
அவன் பெயர் இல்லாத படத்தில்
என் பெயர் இருக்கிறது.

விடிய எழும்பி, நெல் நிறுக்கும் கொப்பியின்
பின்மட்டையில் பெருக்கிப் பார்த்தேன்.
அன்றைய விலையா, இன்றைய விலையா,
டொலரிலா என்று
கழுத்து நெரிபட்டவன் சொல்லவில்லை.