நான்காவது சீட்

பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது
எனக்கு மட்டும் இருமல் வரும்.
ஏழு மாதமாக வருகிறது.
ஆலயத்தில் எல்லோரும் குற்றம் என்று சொல்கிற இடத்தில்
வேதத்தில் கடன் என்றுதான் இருக்கிறது.
குற்றம் என்றால் சமாளித்துவிடுவேன்.
கடன் என்றால் எனக்கு ஒரு தொகை தெரியும்,
தேதி தெரியும், முகம் தெரியும்.
நாற்பத்திரண்டாயிரம். ஜூன் பதினொன்று.
தேவஇரக்கம்.

பேரைப் பாருங்கள்.

மகனுக்கு காலேஜ் ஃபீஸ் என்றார்.
பாண்டுப் ஸ்டேஷன் படிக்கட்டில், மழையில்,
குடைக்குள் வைத்து எண்ணிக் கொடுத்தேன்.
தீபாவளி போனஸ் வரட்டும் என்றார்.
கிறிஸ்துமஸ் போகட்டும் என்றார்.
பிறகு மேற்குப் பக்கமாக இறங்க ஆரம்பித்தார்,
வீடு கிழக்கே இருக்க.
ஜனவரியில் அந்த வீட்டுக்கு
இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்தது.
சுமந்து வந்தவர்களுக்குச் சந்தைக் காட்டியதே நான்தான்.

மஸ்ஜித் பந்தரில் முந்திரி மொத்த வியாபாரியிடம்
கணக்கு எழுதுகிறவன் நான்.
ஏழெழுபது நானூற்றுத் தொண்ணூறு என்று
யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
அவர் செய்தது ஒரே ஒரு தடவை.
மீதி நானூற்று எண்பத்தொன்பது
என் பக்கம் பாக்கி நிற்கிறது.
இப்படிப் பேரேடு போட்டால்
அது மன்னிப்பு இல்லை என்பதும் தெரியும்.

போன ஞாயிறு காணிக்கைப் பை என் முறை.
நாலாவது பெஞ்சில் அவர்.
நூறு ரூபாய், நாலாக மடித்தது.
அது உள்ளே விழும்போது நினைத்துவிட்டேன்:
ஆண்டவரே, இது எனக்கு வரவேண்டியது.

காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு
முதலில் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது.
ஆனால் அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றல்லவா
சொல்லியிருக்கிறது,
இங்கே எனக்கல்லவா அவர்மேல் குறை என்று
பையோடு நேராக நடந்து போனேன்.
டீக்கடையில் மூன்று பேரிடம்
ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னது
குருவானவர் ஆசீர்வாதம் கூறும்போதுதான்
ஞாபகத்துக்கு வந்தது.

அன்று ராத்திரி எப்சிபா
மத்தி மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"ரூபாய் போச்சு, சரி.
தூக்கத்தையும் சேர்த்தா கொடுத்தீங்க?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.
எதிர்த்திசையில் சி.எஸ்.டி. வரை போய்
மூன்றாவது சீட் பிடித்திருந்தேன்.
பைகுல்லாவில் கூட்டம் தள்ளிய தள்ளில்
இரண்டு பெஞ்சுக்கு நடுவே, என் முழங்காலுக்கு நேரே
வந்து நின்றார்.
பார்த்துவிட்டார்.
மேலே ஒட்டியிருந்த மூலநோய் விளம்பரத்தை
தாதர் வரைக்கும் படித்தார்.
காலர் நைந்துபோய்
உள்பக்கம் வெளியே வர மாற்றித் தைத்திருந்தது.
ஃப்ரிட்ஜ் வாங்கியவரின் காலர்.

ஏழு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள்
வட்டியோடு என்னிடம் இருந்தன.
வாயைத் திறந்தேன்.
"ஜரா சர்கா" என்றேன், பக்கத்து மராத்திக்காரரிடம்.
அவர் ஜன்னல்காரரை நெருக்கினார்,
நான் அவரை நெருக்கினேன்.

மூன்று பேருக்குப் போட்ட பலகை.
நாலாவது ஆளுக்கு ஒரு சாண் கிடைக்கும்,
பாதி உடம்பு அந்தரத்தில் நிற்கும்.
இந்த ஊரில் அது சட்டமும் இல்லை, உரிமையும் இல்லை.
உட்கார்ந்திருக்கிறவன் நகர்ந்தால் உண்டு.

உட்கார்ந்தார்.
ஈரச் சட்டையும் ஈரச் சட்டையும் ஒட்டிக்கொண்டன.
விக்ரோளியில், "பையன் படிப்பை விட்டுட்டான்" என்றார்.
"ம்" என்றேன்.
ஃப்ரிட்ஜைப் பற்றி அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
கிழக்குப் பக்கமாகவே இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து டைரியில்
அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
பென்சிலால்தான்.
ரப்பர் மேசைமேலேயே கிடக்கிறது.

ராத்திரி ஜெபத்தில் அந்த வரி வந்தது.
இருமலும் வந்தது.
எப்சிபா நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தாள்.
குடித்துவிட்டு,
விட்ட இடத்திலிருந்து
மெதுவாக ஆரம்பித்தேன்.