என்னிடம் என்றால் அகம்

மைனஸ் பதினெட்டில் உதடு சொன்ன பேச்சுக் கேட்காது.
அதனால் பாடமெல்லாம் வெளியே,
நாற்பது நிமிடம் உள்ளே நின்றவனுக்குத் தரும்
பதினைந்து நிமிட இடைவேளையில்,
ஹம்ரியா குளிர்கிடங்கின் பின்சுவரோரம்,
நாற்பத்தாறு டிகிரியில்,
ஜாக்கெட்டைக் கழற்றாமல்.

வெண்ணெய்ப் பெட்டிதான் ஆரம்பம்.
இங்கிலீஷுக்குக் கீழே இன்னொரு வரி.
எழுத்து தெரிந்தது, வாய்க்கு வரவில்லை.
நாளைக்கு எண்ணூறு பெட்டி தூக்குகிறேன்,
மேலே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் தூக்குவது
ஒரு மாதிரி இருந்தது.
சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்:
நாற்பத்தைந்து வயதுக்குள் ஐரிஷ்.
அதற்கு மேலே ஏற்கெனவே இரண்டு வரி இருந்தன:
நகை மீட்பது, பல் கட்டுவது.

"அயர்லாந்து விசா வந்துடுச்சா?" என்றான் ஷைஜு.
வரவில்லை. போடவும் இல்லை.
"அங்கேயே எல்லாரும் இங்கிலீஷ்தானே?"
ஏறக்குறைய.
"பின்னே எதுக்கு?"
மேல்கட்டிலில் இருந்து தலை நீட்டி
பதிலுக்காக வெகுநேரம் காத்திருந்தான், பாவம்.

மனிதரை எண்ண அவர்களுக்கும் தனி எண்.
இருவர், மூவர், நால்வர்.
பெட்டியை எண்ணுகிற எண்ணால் ஆளை எண்ணமாட்டார்கள்.
மறுநாள் காலை பஸ் வாசலில்
சூப்பர்வைசர் எங்களை எண்ணினான்.
காது கொடுத்துக் கேட்டேன்.

பசி அவர்களுக்கு உள்ளே இல்லை, மேலே.
துக்கமும் அப்படித்தான், என்மேல் இருக்கிறது என்பார்கள்,
கழற்றி ஆணியில் மாட்டலாம்போல.
பணம் யாருக்கும் சொந்தமில்லை,
என்னிடம் இருக்கிறது, அவ்வளவே, நம்மைப்போல.
அந்த 'என்னிடம்' அவர்கள் வாயில் 'அகம்'.
முதல் தடவை கேட்டபோது
ஹெட்போனைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தேன்.
லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஆமாம் என்று ஒரு சொல் அங்கே கிடையாது.
வந்தாயா என்றால் வந்தேன், தின்றாயா என்றால் தின்றேன்.
கேட்டவர் தந்த வினையையே திருப்பித் தரவேண்டும்.
"பொங்கலுக்கு வருவீங்களா?" என்றாள் செவ்வந்தி போனில்.
மூன்று வருடமாக இதற்கு 'ம்' போட்டு வந்தேன்.
"வருவேன்" என்றேன்.
அப்புறம்தான் லீவுக்கே எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் வெண்ணெய்க் கம்பெனியிலிருந்து
தரம் பார்க்க ஒருவர் வந்தார்.
பேட்ஜைப் படித்து எல்லாரும் கேத்தல் சார் என்றார்கள்.
நான் கஹல் என்றேன்.
அந்த ஊரில் டியும் எச்சும் சேர்ந்தால் வெறும் காற்று.
அவர் கையில் தெர்மாமீட்டர் அப்படியே நின்றது.
என் பேட்ஜில் ஒரு இசட், ஒரு எச்.
பதினெட்டு வருடமாக இங்கே நான் போசிலன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் மொழியில் கேட்டேன்.
முகம் சிவந்தது, குளிரால் அல்ல.
பதினாலு வருடம் பள்ளியில் படித்தாராம்.
ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமாம்.
இறால் பெட்டிகளுக்கு நடுவே, உடம்பை விறைத்துக்கொண்டு,
இரண்டாம் வகுப்புப் பையன்போல் ஒப்பித்தார்:
அன் வில் க்யத் அகம்,
கழிவறைக்குப் போக
அனுமதி என்னிடம் இருக்கிறதா?

இருவர் வாயிலிருந்தும் சிரிப்பு புகையாக வந்தது.
அதில் முன்பாதியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.
பாஸ்போர்ட்டுக்கு, கேட்டுக்கு, லீவுக்கு என்று
எத்தனை மேசை முன்னால் சொன்ன வாக்கியம்,
எத்தனை மொழியில்.

போகும்போது என் பேட்ஜைப் பிடித்துப் பார்த்து
பொ, என்றார். பொரிலன். பொளிலன்.
போதும், கஹல். எங்கள் ஊரிலேயே பாதிப்பேர் அங்கேதான் நிற்கிறார்கள்.

பெட்டியில் இருந்தது பெரிதாக ஒன்றுமில்லை.
கின்யீ ஃபூர்.
குளிரில் வை.

வைக்கிறேன்,
என்றேன்.