டோக்கனின் பின்பக்கம்

உருக்காலை கேன்டீன் டோக்கனின் பின்பக்கம்
பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன், அல்போன்ஸ்.

மூன்றாவது, அந்த நீல அட்டை எல்பி.
கிடார் நன்றாக அழும்;
பாடுகிறவனும் கூடவே அழுவதுதான் தொல்லை.
இரண்டாவது உனக்கு ஆகாது:
டிரம்ஸ் மட்டும் பதினோரு நிமிடம்.
கோரிமேட்டில் பஸ் ஏறினால்
அடிவாரம் வரை தட்டிக்கொண்டே வருவான்.
நான்காவதை அழித்து அழித்து
அட்டை ஓட்டையாகிவிட்டது.

முதலிடம்
நீ பதிந்து தந்த கேசட்.
பெயர் எழுத மறந்திருந்தாய்; நானும் கேட்கவில்லை.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில் டேப் சிக்க,
ஜீப்பை நிறுத்தி
இதே மாதிரி ஒரு பென்சிலால் சுற்றினோமே
பனிக்குள்,
அந்த இடத்தில் குரல் இன்னும்
ஒரு நொடி தள்ளாடும்.

நேற்று ஐந்து ரோடு சிக்னலில்
யாரோ காரில் அதையே போட்டிருந்தான்.
துல்லியம். எங்கும் தள்ளாடவில்லை.

அதற்கு ஏழாவது இடம் கொடுத்தேன்.