ஊறுகாய்ப் புட்டி

முதலில் கேரம் ஆடுகிறார்கள் என்று நினைத்தோம்.
பிறகு ஸ்பீக்கர் வந்தது.
செங்கல் அளவுதான் இருக்கும்,
அதன் அடித்தொண்டை நான்கு மாடி ஏறி வந்து
என் தண்ணீர்க் குவளையில் வட்டம் போட்டது.

புளோக் 417, புக்கிட் பாத்தோக்.
கீழ்த்தளத்தை ஒட்டி, கூரையில்லாத இடத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
அதைச் சுற்றி ஏழெட்டுப் பையன்கள், இரண்டு பெண்கள்,
மூன்று மின்சைக்கிள், எண்ணமுடியாத பீர் டின்.
இரவு ஒன்றரை.
ஒருவன் சிரித்தால் தூணெல்லாம் சேர்ந்து சிரிக்கும்.

நகர மன்றம் அறிவிப்பு ஒட்டியது, நான்கு மொழியில்.
தமிழில் மட்டும் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம்.
ஐந்தாம் நாள் யாரோ லைட்டரால் தீய்த்திருந்தார்கள்.
நான்கு மொழியும் சமமாகக் கருகியிருந்தது.

மேல்வீட்டு சியா போலீசை அழைத்தார்.
போலீஸ் வந்தது, அவர்கள் போனார்கள்.
போலீஸ் போனது, அவர்கள் வந்தார்கள்.
பக்கத்து வீட்டு ரொஹானா கைலியோடு இறங்கிப் போய்
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மலாயில் கெஞ்சினாள்.
"சாரி, அக்கா" என்றார்களாம், மிகப் பணிவாக.
பத்து நிமிடம் தாங்கியது அந்தப் பணிவு.

எனக்குக் காலை ஆறுக்கு வேலை, டயாலிசிஸ் நிலையத்தில்.
கயிறாகப் புடைத்த நரம்பில் ஊசி ஏற்றவேண்டும்,
ஒரே குத்தில்.
வசுமதி குத்தினால் வலிக்காது என்று
மற்ற நர்சுகளைத் தள்ளிவிட்டுக் காத்திருப்பார்கள்.
மூன்று இரவு தூங்காமல் போன செவ்வாய்க்கிழமை
பக்கிரிசாமிக்கு இரண்டு முறை குத்தினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் கையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்றிரவு இரண்டு ஐந்து.
சமையலறை ஜன்னலோரம், கழுவப் போட்டிருந்த
எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி.
அடியில் இரண்டு துண்டும் கொஞ்சம் எண்ணெயும்.
யோசித்தேன் என்றால் பொய்.
யோசிக்கவில்லை என்றாலும் பொய்:
மூடியை இறுக்கித் திருகினேனே.

சத்தம் வந்தது.
பிறகு சத்தமே இல்லை.
ஊதாத் தலைமுடிக்காரன் ஒருவன்
மேசை விளிம்பில் பட்டுச் சிதறிய கண்ணாடியைப்
பார்த்தபடி நின்றான்.
அவனிடமிருந்து ஒரு முழம்.
காற்று கொஞ்சம் தள்ளியிருந்தால்
அந்த ஊதா நிறம்.

இந்த முறை போலீஸ் எங்களைத் தேடி வந்தது,
கதவு கதவாக.
கார்ப்பரல் தமிழ்ப் பையன், இளம்பரிதி என்று பேர்.
கீழேயிருந்து வெந்தயமும் பெருங்காயமும்
அவன் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.
"யார் வீசினதுன்னு பார்த்தீங்களா அக்கா?"
வாய்தான் கேட்டது. மூக்கு கேட்கவில்லை.
தெரியாது என்றேன்.
தெரியாது என்றாள் ரொஹானா, போன மாதம்தான்
அதே ஊறுகாயில் ஒரு கிண்ணம் வாங்கிப் போனவள்.
தெரியாது என்றார் சியா, கதவைப் பாதி திறந்து.
பதின்மூன்று மாடிக்கும் தெரியாது.
எங்கள் புளோக் அவ்வளவு அமைதியாக இருந்து
நான் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை பக்கிரிசாமிக்கு ஒரே குத்து.
கை நடுங்கவே இல்லை.
பயமே அதுதான்.

இப்போது இரவில் யாரும் வருவதில்லை.
ஸ்பீக்கர் இல்லாத இரண்டு மணிக்கு
நானாக விழித்துக்கொண்டு
கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன்.
துப்புரவு செய்யும் ரஃபிக்குல் எதைப் போட்டுத் தேய்த்தும்
கல்மேசையில் ஒரு கட்டத்து மஞ்சள் போகவில்லை.
குதிரை வைக்கும் கட்டம்.

நேற்று மின்தூக்கியில் ஊதாத் தலைமுடிக்காரன்.
தொழிற்கல்லூரிச் சட்டை, கையில் ரொட்டிப் பொட்டலம்.
எங்கள் புளோக்காம்; ஒன்பதை அழுத்தினான்.
என் இரண்டு கையிலும் பைகள்.
நான் வாய் திறப்பதற்குள்
நான்கையும் அழுத்தினான்.