ஏழின் இடுப்பில் ஒரு கோடு

இரண்டு வாரத்துக்கொரு வியாழன்
படகிலிருந்து இறங்கும் நூலக வண்டி.
எர்லண்ட் கதவைத் திறக்குமுன்பே
ஆர்க்னிக் காற்று திறந்துவிடும்.
தபால் கவுன்ட்டரில் ‘பத்து நிமிடம்’ அட்டையை மாட்டிவிட்டு
நாலு புத்தகத்தோடு திரும்புவேன்.
நாலும் கொலை. நாலும்
நோகாத கொலை.

பேக்கரிக்காரி துப்பறிவது அலுத்துவிட்டது.
பன்னிரண்டாம் பக்கத்தில் மாவு மூட்டைமேல் பிணம்.
பதினைந்தில் அதே மேசையில் ஸ்கோன் பிசைகிறாள்.
மேசையைத் துடைத்தது யார்?
அதுதான் எனக்குத் தெரியவேண்டிய மர்மம்,
அதை மட்டும் எழுதமாட்டார்கள்.

பின்னல் கடைக் கதை பரவாயில்லை.
ஊசி முனையில் விஷமாம்.
பின்னத் தெரிந்த எவளும் சிரிப்பாள்,
எங்கள் ஊசி மொட்டை.

பூனை துப்புக் கொடுக்கும் வரிசையில் இது ஒன்பதாவது.
ஏழாவது வரை பூனைக்கு மூளை இருந்தது.
எண்பது பேர் வாழும் ஊரில்
இதுவரை இருபத்திரண்டு கொலை.
அந்தக் கணக்கு எங்கள் தீவில் நடந்தால்
தபால்தலை நக்க நாக்கு மிஞ்சாது.

கடைசிப் பக்கத்து எலுமிச்சை கேக்கைச் செய்தும் பார்த்தேன்.
நடுவில் குழி.
சின்ன ஆளாக இருந்தால் புதைக்கலாம்.

பிறகு ஏன் படிக்கிறாய் என்கிறான் எர்லண்ட்.
கடைசி அத்தியாயத்துக்காக.
எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து
யாரோ ஒருவர் உண்மையை உரக்கச் சொல்கிறார்.
எங்களுக்கும் அறை இருக்கிறது.
எல்லோரும் வருகிறோம்.
மாட்டு விலை பேசிவிட்டுக் கலைகிறோம்.

பேக்கரிக் கதையில்தான் முதலில் பார்த்தேன்.
பக்க ஓரத்தில், பென்சிலில், அழுத்தாத எழுத்து:
‘புருஷன்தான்.’
தப்பு. கணக்குப்பிள்ளை.
பூனைக் கதையிலும் ‘புருஷன்தான்.’
தப்பு. பாதிரியாரின் தங்கை.
பின்னல் கடைக்காரியின் புருஷன்
கதை தொடங்கும் முன்பே கடலோடு போனவன்.
அப்போதும் ‘புருஷன்தான்’.
நான் வாய்விட்டுச் சிரித்தேன்,
சூப் கொதித்து வழிகிற அளவுக்கு.

அதன் கீழே ஒரு சிறு வரி: ‘47-ஐப் பார்.’
பார்த்தேன்.
யார் கண்ணிலும் படாத ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு:
அவன் கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

அடுப்பை அணைத்தேன்.

அந்த ஏழு.
இடுப்பில் குறுக்காக ஒரு கோடு போட்ட ஏழு.
மாதம் ஒரு பார்சல், அபர்டீனில் இருக்கும் அக்காவுக்கு,
அஞ்சல் குறியீட்டில் இரண்டு ஏழு,
இரண்டுக்கும் பெல்ட்.
வெளியே வண்டி எஞ்சினை அணைக்காமல் நிற்கும்.
மீதிச் சில்லறையை அவன் எண்ணி முடித்த பிறகே நகரும்.
பதினோரு வருடம் நான் கையெழுத்தைப் பார்த்தேன்,
முத்திரை குத்தினேன்,
‘நல்ல காற்று இன்றைக்கு’ என்றேன்.

பெயர் சொல்லமாட்டேன்.
தபால்காரியின் வாய் ஒட்டிய உறை.
போலீஸ்காரர் படகேறி வரவேண்டும்,
வருவதற்குள் ஊரே காபி போட்டுவிடும்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்குபவர்களை
நான் என்றும் மன்னித்ததில்லை.
பென்சிலைச் சீவினேன்.
47-ஆம் பக்கத்தில், அவள் கோட்டின் கீழ் எழுதினேன்:
‘கடை ஆறுக்கு மூடும்.
பின்கதவு மூடாது.’

எர்லண்டிடம் கொடுக்கும்போது
கையிலிருந்து விட மனமில்லை.
‘அவ்வளவு நல்ல கதையா, தோரா?’
‘சுமார்தான். முடிவு சரியில்லை.’

இந்த வியாழன் வந்தது தேனீ வளர்ப்பவரின் கொலை.
கொலைகாரியை நாற்பதாம் பக்கத்தில் பிடித்துவிட்டேன்,
முழுப் பூசணியைத் தேனடையில் மறைத்தால் தெரியாதா?
நாய் நன்றாக வந்திருக்கிறது.
‘புருஷன்தான்’ எங்கேயும் இல்லை.
கடைசி அட்டையின் உள்பக்கம்
தனியாக ஓர் எண்,
இடுப்பில் கோட்டோடு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மணி ஆறே முக்கால்.
கேக் இல்லை, கடை பிஸ்கட்தான்.
பின்வாசல் விளக்கின் பல்பை மாற்றிவிட்டேன்.