முப்பத்தேழு

முப்பத்தேழு வீதம் என்று காட்டும்போதே
செத்துப்போகும் என் போன்.
பூச்சியத்துக்கு இறங்கி வந்து சாவதற்கு
அதற்குப் பொறுமை இல்லை.

அதுவும் சரியாக அந்தி நிறுவையில்.
ஏழாம் நம்பர் மலையில் மூட்டம் இறங்கி
தராசு முள் நடுங்கி நிற்கிற நேரம்
நான் போனைத் தூக்குவேன்.
கறுத்த கண்ணாடியில் என் முகம்தான் தெரியும்.
முள் பதினெட்டில் நின்றது.
துண்டில் பதினைந்து என்று விழும்.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
மூன்றாவது எதற்கென்று
நாலு வருசமாகக் கேட்கிறேன்.
அரைப்பேர் விழுந்த நாட்களைக் கூட்டினால்
ஒரு புது போன் வாங்கலாம்.
கூட்டிப் பார்க்கத்தான் இந்தப் போன்.

மஸ்கெலியாவில் முதல் கடை.
"ஒரிஜினலா?"
"எந்த ஒரிஜினல் வேணும்?" என்றான் பையன்.
மூன்று இருக்கிறதாம்:
ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, கம்பனி ஒரிஜினல்.
மூன்றிலும் மினுங்குகிற ஸ்டிக்கர்.
சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் நீலம்,
மீன்கொத்தியின் முதுகு போல.
நடுவில் உள்ளதை வாங்கினேன்.
நடு விலை பொய் சொல்லாது என்கிற புத்தி
எனக்கு எங்கிருந்து வந்ததோ.

பத்தொன்பதாம் நாள்
புளித்த மாவு மாதிரி உப்பியது.
கண்ணாடி ஒரு ஓரம் எழும்பி
போன் வாயைத் திறந்தது.
கழற்றி, வாளியில் மணல் நிரப்பி,
வாசலுக்கு வெளியே படுக்க வைத்து
இந்தப் பக்கக் காம்பராவுக்கும்
அந்தப் பக்கக் காம்பராவுக்கும் சொல்லிவிட்டு
விடியும் வரை விழித்திருந்தோம்.
லயத்தில்
ஒரு வீட்டுத் தீ என்று ஒன்று கிடையாது.

தலவாக்கலையில் இரண்டாவது கடை.
என் பழைய பெட்டரியில் மூவாயிரம் என்றிருக்கும்.
இதில் ஐயாயிரம்.
அதே நீளம், அதே அகலம், அதே தடிப்பு.
"மிச்ச ரெண்டாயிரம் எங்க தம்பி குந்தியிருக்கு?"
"டெக்னோலொஜி அக்கா."
கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒரு தையல்காரரோடு
பாதிக் கடையைப் பங்கு போட்டிருந்தாள் நஸ்லியா.
என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்கவில்லை.
உப்பியதை பிளாஸ்டிக் கொறட்டால் எடுத்து
ஏலக்காய் நிறுக்கிற குட்டித் தராசில் வைத்தாள்.
முப்பத்தொரு கிராம்.
போனோடு பிறந்த பழையதை வைத்தாள்.
நாற்பத்தாறு.
"பாரம்தான் அக்கா சரக்கு. மத்ததெல்லாம் ஸ்டிக்கர்."

சிரிப்பு வந்தது எனக்கு.
இருபத்திரண்டு வருசம் முதுகில் சுமந்தவளுக்கு
பாரத்தைப் பற்றி ஒரு பிள்ளை சொல்கிறாள்.
ஆனால் சொல்லும்போது
தராசை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.
அப்படி யாரும் வைத்ததில்லை.

"புதுசில் நல்லது எங்கிட்ட இல்ல."
கண்ணாடி நொறுங்கி யாரோ விட்டுப்போன போனிலிருந்து
ஒன்றை நெம்பி எடுத்தாள். வயர் கொடுத்துப் பார்த்தாள்.
"எண்பத்தொன்று. எட்டு மாசம் ஓடும்.
ஒரு வருசம்னு சொன்னா பொய்.
குளிர் நாள்ல சட்டைக்குள்ள வச்சுக்கங்க."

நூறு, நூறு என்று எல்லாரும் விற்ற ஊரில்
எண்பத்தொன்று என்றவளுக்கு
ஆயிரத்து எண்ணூறு எண்ணிக் கொடுத்தேன்.
பென்சிலால் தேதி எழுதி மூடினாள்.
உப்பியதை மட்டும் தரமாட்டேன் என்று
மணல் பேணிக்குள் புதைத்தாள்.

இன்றைக்கு அந்தி நிறுவை.
மழை விட்டு, கொழுந்தெல்லாம் ஈரம்.
முள் பதினேழரையில் ஆடுகிறது.
சட்டைக்குள்ளிருந்து எடுக்கிறேன்,
என் சூடு அதில் இருக்கிறது.

முப்பத்தெட்டு.

முப்பத்தேழு.

சுப்பவைசர் பேனையை மூடாமல் பார்க்கிறார்.
"புது போனா?"
"பழசுதான் சேர்."

முப்பத்தாறு.

"கொஞ்சம் கையை எடுங்க சேர் தராசுலேருந்து.
படம் எடுக்கணும்."