நள்ளிரவுக்கு எட்டு நிமிடம்

செப்டம்பர் முப்பது, இரவு பதினொன்றரை.
என்ஷி ஊருக்கு இறங்கும் வளைவில்
விளக்கணைத்து நிற்கின்றன முந்நூறு கார்கள்.
பன்னிரண்டு அடித்தால் சுங்கம் கிடையாது.
எட்டு நாள் நாடே இலவசமாய் ஓடும்.
அதுவரை
யாரோ முட்டை உரிக்கிறார்கள்,
யாரோ பானெட்டில் சாய்ந்து இடுப்பை நெட்டி முறிக்கிறார்கள்,
ஒரு பையன் தடுப்புக் கம்பியோரம் ஒன்றுக்குப் போகிறான்.
போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் நகரச் சொல்கிறார்.
நகர்கிறார்கள்,
ஒரு சாண்.

நான் மூன்றாம் பாதையின் கூண்டுக்குள்.
வெள்ளைக் கையுறை, கழுத்தில் நீலத் துணி,
எட்டுப் பல் தெரிய வேண்டும் என்று
பயிற்சியில் சொல்லித்தந்த சிரிப்பு.

போன நவம்பரில் விடுமுறைப் பட்டியல் வந்த அன்றே
நாட்காட்டியில் கோடு போட்டவள்தான் நானும்.
ஆறாம் மாதம் இந்த வருஷம் இரண்டு தடவை வந்ததால்
இலையுதிர் நிலா தாமதித்து
தேசிய நாளின் வாலைப் பிடித்துக்கொண்டது.
எட்டு நாள், எட்டு நாள் என்று ஊரெல்லாம் பேச்சு.
எடுத்துக்கொண்டதை யாரும் எண்ணவில்லை:
முந்தின ஞாயிறு ஒன்று,
அடுத்து வரும் சனி ஒன்று,
சம்பளத்தில் பிடித்த மாதிரி.
அந்த ஞாயிறு
செவ்வாய்க்கிழமை மாதிரி உடுத்திக்கொண்டு
என் மகளோடு பள்ளிக்கூடம் போனது.

"திருவிழா நமக்கு வருவதில்லை,
நம் வழியாகப் போகிறது" என்பாள்
நாலாம் பாதை பெங் ரூயி.
எனக்கு விடுப்பு பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
பேருந்து ஓட்டும் குவாங்யாவுக்கும் அதே மூன்று நாள்;
அதற்கு அவர் மேலாளருக்கு
இரண்டு பெட்டி சிகரெட் வாங்கித் தரவேண்டியிருந்தது.
பெய்ஹாய்க்கு இரவு ரயில், விடிந்தால் கடல்.
ஷுயே கடல் பார்த்ததில்லை.
நடுவில் பதினொன்றாம் தேதி,
அந்தப் பிடித்த சனிக்கிழமை,
மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவில்
கணக்குப் பாடம்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
வரிசையை விட்டு விலகி ஒரு வேன் வந்தது.
குவாங்தோங் எண், முகப்பெல்லாம் பூச்சிக் கறை.
பின்னால் சோற்றுக்குக்கர் டப்பா,
மிதிகட்டையில் பிளாஸ்டிக் பிரிக்காத சின்ன சைக்கிள்.
நானூற்று அறுபத்தேழு யுவான்.
விதிப்படி நான் சொல்லக் கூடாது, சொன்னேன்:
"எட்டு நிமிடம் பொறுத்தால்…"
"தெரியும்" என்றார்.
கைபேசியைத் திருப்பிக் காட்டினார்.
திரையில் ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது,
சாய்ந்து சாய்ந்து விழிக்கும் நெற்றி.
"பன்னிரண்டுக்குள் வந்தால்தான் கதவு திறப்பாளாம்."
பதினான்கு மணிநேரம் ஓட்டிய கண் சிரித்தது.
பல்லை எண்ணவில்லை.

கம்பி உயர்ந்தது. ரசீது வாங்காமல் போய்விட்டார்.
வளைவிலிருந்து யாரோ கத்தினார்கள்,
முட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.
அவர் வீடு எங்கே, எட்டு நிமிடத்தில் எட்டுமா,
கதவு திறந்ததா,
எனக்குத் தெரியாது.

பிறகு பன்னிரண்டு.
கம்பிகள் எல்லாம் ஒன்றாக மேலே போயின.
முந்நூறு கார்களும் முந்நூறு ஹாரன்களும்
மூன்று மணிவரை ஓயவில்லை.
வாங்க ஆளில்லாத காசுக்கும்
கூண்டில் ஆள் இருக்கவேண்டும் என்பது விதி.
கை அசைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வெந்நீர் குடித்தபடி
வகுப்பு ஆசிரியைக்கு எழுதினேன்:
'பதினொன்றாம் தேதி ஷுயேவுக்குக் காய்ச்சல்.'
பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்!
அழித்தேன்.
'சனிக்கிழமை ஷுயே வரமாட்டாள்.
கடலுக்குப் போகிறாள்.'
இன்னும் அனுப்பவில்லை, விடியட்டும்.
பயணச்சீட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.
இன்றைக்கு: இல்லை. நாளைக்கு: இல்லை.
மூன்று, நாலு, ஐந்து: நிற்க இடம்கூட இல்லை.
பத்தாம் தேதி இரவு:
இருக்கைகள் ஏராளம்.

மூன்று தொட்டேன்.
மேசையில் அந்த ரசீது சுருண்டு கிடந்தது,
இருபத்துமூன்று ஐம்பத்திரண்டு என்று அச்சிட்டு.
அதற்குள் அடுத்த கார்.
சிரித்தேன்,
எத்தனை பல் என்று தெரியவில்லை.